நான் வெட்டி எறிந்த வரி

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் பின்பக்கம் இருக்கும் என் சிறிய அச்சகத்துக்கு அதிகம் வரும் வேலை நினைவு மலர்தான். ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அவருடைய வாழ்க்கைக் குறிப்பையும் வம்சாவளியையும் படங்களையும் சேர்த்துப் புத்தகமாக அடிப்பார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு ஃபோன்கூட எடுக்காதவர்கள் மலருக்குப் பக்கம் பக்கமாகக் கவிதை அனுப்புவார்கள். எனக்கென்ன, அடித்துக் கொடுப்பேன்.

மூன்று வருடங்களுக்கு முன் விட்பியிலிருந்து ஒரு அன்ரி வந்தார். எண்பதை நெருங்கிய வயது. அவருடைய அண்ணை காலமாகி இரண்டு கிழமை. மலர் வேலையை என்னிடம் தந்திருந்தவர் அந்த அண்ணையின் மகன். அன்ரி ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து பழுப்பேறிய ஒற்றைத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த வாரப் பத்திரிகை ஒன்றின் கடைசிப் பக்கம்.

"எங்கட அப்பான்ர பெரியம்மா நடத்தின பேப்பர், தம்பி. பெரியப்பா செத்தாப் பிறகு அவதான் அச்சுக்கூடத்தைப் பொறுப்பெடுத்து, தானே எழுத்துக் கோத்து அடிச்சவ. எங்கட ஆக்கள் அதைப் பெரியப்பான்ர பேப்பர் எண்டுதான் சொல்லுறவை. மலருக்கும் அப்பிடித்தான் எழுதித் தந்திருக்கினம். நீங்கள் இந்தத் தாளை அப்பிடியே போடுங்கோ. கடைசி வரியைப் பாத்தா எல்லாருக்கும் விளங்கும்."

"ஓம் அன்ரி, ஓம்" என்றேன். கலியாணக் கார்ட் எடுக்க வந்த ஒருவர் வாசலில் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். அன்ரி சொன்னதை இந்தக் காதால் வாங்கி அந்தக் காதால் விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் தாளை எடுத்தேன். அடி ஓரம் தொட்டாலே உதிர்ந்தது. ஓரம் நேராக இல்லாத தாளைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. கட்டரில் வைத்து நாலு பக்கமும் ஒரே இழுப்பு. நறுக்குகள் குப்பைக்குப் போயின. ஸ்கான் செய்ததும் பக்கம் பளிச்சென்று வந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன், மடையன்.

இரண்டு நாள் கழித்து அன்ரி பார்க்க வந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலைப் பக்கத்தின் அடிக்குக் கொண்டுபோனார். விரல் தாளைத் தாண்டி மேசையில் நின்றது.

"இதிலை ஒரு வரி இருந்ததே, தம்பி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலச் சட்டப்படி, அச்சிட்டு வெளியிடுகிறவரின் பெயரைக் கடைசியில் பொடி எழுத்தில் போட்டே ஆகவேண்டும். அச்சுத் தொழிலில் கிடந்து நரைத்தவன் நான், அதை வாசிக்காமலே வெட்டிவிட்டேன். குப்பை வண்டி காலையிலேயே வந்துபோயிருந்தது.

"படம் ஏதும் எடுத்து வைச்சிருக்கிறியளோ, அன்ரி?"

"இல்லைத் தம்பி. தாளே இருக்குத்தானே எண்டு இருந்திட்டன்."

அந்த நேரம் பார்த்து அண்ணையின் மகன் உள்ளே வந்தார். பத்திரிகை நடத்தியவர் பெரியம்மா என்று திருத்திப் போடும்படி அன்ரி அவரிடம் கேட்டார்.

"ப்ரூஃப் ஏதும் இருக்கோ, மாமி? சும்மா மாத்தினா ஆக்கள் கேப்பினம்."

அன்ரி என்னைப் பார்த்தார். வரி இருந்தது, வெட்டியவன் நான் என்று சொல்லியிருந்தால் போதும். கடையின் பெயர் கெட்டுவிடும் என்று பயந்து கொம்பியூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்ரியும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"இல்லை, மோனை" என்றார்.

மலரில் 'பத்திரிகை நடத்திய பெரியப்பா' என்றும், அதன் கீழே 'அவருடைய அன்பு மனைவி' என்றும் வந்தது. இரண்டையும் ரைப் செய்தவன் நான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

போன மாசியில் அன்ரியும் காலமானார். அவருடைய மலர் வேலையையும் அந்த அண்ணையின் மகன்தான் கொண்டுவந்தார். இந்த முறை நான் உண்மையைச் சொன்னேன். தாளை வெட்டியதையும், அந்தப் பத்திரிகை பெரியம்மாவுடையது என்பதையும், அன்று பயந்து பேசாமல் இருந்ததையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பையிலிருந்து பழைய மலரை எடுத்து, அந்தப் பக்கத்தை விரித்து என் முன்னே வைத்தார்.

"அந்த வரியை நீங்கள் வாசிக்கேல்லைத்தானே, அண்ணை? இதிலை பாருங்கோ, பெரியப்பா எண்டு நீங்களே அடிச்சிருக்கிறியள்."