கட்டைவிரலில் அடித்த நாடி

முதலாண்டு உடலியல் செய்முறைத் தேர்வன்று எங்கள் மருத்துவக் கல்லூரிப் பேருந்து ஒரகடம் கூட்டுரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்ட் முடித்த பையன்கள் வாயைப் பிளந்து தூங்கினார்கள். எனக்கு வயிறெரிந்தது. எங்கள் பஸ்ஸில் ஒருவரும் தூங்கவில்லை. ஆளாளுக்குக் கண்ணை மூடி முணுமுணுத்ததைப் பார்த்தால் ஏதோ வேண்டுதல் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

பயமெல்லாம் அடிஷனல் பேட்சைப் பற்றித்தான். தோற்றால், கூடப் படித்தவர்கள் மேலே போய்விடுவார்கள். நாம் தனி வகுப்பில், கேன்டீனில்கூடத் தனி மேசையில் உட்கார வேண்டும். நான் தங்கியிருந்த சித்தி வீட்டில் தினமும் காலையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் வாந்தி எடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன். வகுப்பில் எனக்குப் பெயர் தைரியசாலி. வெளியே சொன்னால் 'டாக்டருக்கே பைத்தியமா' என்பார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி, ஸ்ரீபெரும்புதூர்க்காரி, திடீரென்று என் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை நனைந்திருந்தது.

"மூச்சு முட்டுதுடி. ஹார்ட்டே நின்னுடும் போல கீது. வண்டிய நிறுத்த சொல்லு, நான் எறங்கிடுறேன்."

இறங்கினால் தேர்வு போச்சு. அதைவிட, அந்த முகத்தோடு அவளை லாரிகளுக்கு நடுவே விட எனக்குக் குலை நடுங்கியது.

"ஒண்ணும் இல்லடி, இரு, பல்ஸ் பாக்குறேன்" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். தடதடவென்று அடித்தது. எண்ண முடியாத வேகம். நிஜமாகவே செத்துவிடுவாளோ?

அவள் குனிந்து என் கையைப் பார்த்தாள்.

"அய்யே, கட்டைவிரல வெச்சிக்கினா பாக்குற? அது உன் பல்ஸுடி!"

கட்டைவிரலுக்கே துடிப்பு உண்டு. அதை வைத்தால் நம் நாடியைத்தான் நாம் எண்ணிக்கொண்டிருப்போம். ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம். தேர்வாளர் முன்னால் செய்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அவள் மூன்று விரல்களை என் மணிக்கட்டில் பதித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள். எண்ண எண்ண அவள் மூச்சு அடங்கியது. பஸ் நகர்ந்தது, இறங்க வேண்டும் என்றதை அவள் மறந்தே போனாள். எண்ணி முடித்தும் விரல்களை எடுக்கவில்லை.

"எவ்ளோ நாளா உனுக்கு இப்டி கீது?" என்று கேட்டாள்.

எந்த நோயாளியிடமும் முதலில் கேட்கிற கேள்விதான். என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

"காலேஜ் சேந்த நாள்லருந்து" என்றேன். அதற்குமேல் முடியாமல், பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.