வெர்னனின் நிலவுக்குக் கிடைத்த வெயில் பரிசு

வெர்னன் ஹால்வர்சன் முப்பது வருடம் பள்ளிப் பேருந்துகளுக்கு பிரேக் பார்த்தவர். ஓய்வு பெற்றதும் ஒரு கேமரா வாங்கினார். அன்றோடு அவர் மனைவி டெலோரஸின் நிம்மதி போயிற்று. எங்கள் நெவாடா ஊரின் புகைப்படக் கழகத்துக்கு நான் செயலாளர் என்பதால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

கழகத்தின் ஆண்டுப் போட்டியில் இரவுப் பிரிவின் முதல் பரிசான நீல ரிப்பன் அவருக்கு வேண்டும். வேறெதுவும் வேண்டாம். "பூனையைப் படம் புடிக்கிறவன்லாம் வாங்குறான்" என்று ஒன்பது வருடமாக என்னிடம் பொருமுகிறார்.

இந்த மார்ச் பௌர்ணமிக்கு ஐந்து மணி நேரம் காரோட்டிப் போய், பனி மூடிய சியரா மலைத்தொடர் முழுதாகத் தெரிகிற நெடுஞ்சாலை ஓரத்தில், கார் மீதே கேமராவைப் பொருத்தினார். உள்ளே டெலோரஸ், இரண்டு கம்பளிகளுக்குள்.

"வெர்ன், ஹீட்டர் போடட்டுமா?"

"போடாதே! எஞ்சின் அதிர்ந்தா படம் ஆடிடும்."

"நான் நடுங்குறேனே, அதுல ஆடாதா?"

"ஆடும். நடுங்காம உக்காரு."

நிலவொளியில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்று லென்ஸை அகலத் திறந்து, இருபது நொடி அப்படியே விட்டார். கேமரா அத்தனையையும் வாரிக்கொண்டது. வானம் நீலமாகவும் பனி வெள்ளை வெளேரென்றும் வந்தது. புதர்களை எண்ணலாம். மனிதர் பூரித்துப் போனார்.

நடுவராக வந்த நகரத்து ஸ்டூடியோக்காரி லொரெய்ன் பிக்ஸ்பி படத்தைப் பார்த்தார். "அருமையான பகல் படம். யாரோ பிரிவு மாத்தி வச்சிருக்காங்க."

"மேடம், வானத்துல நட்சத்திரம் இருக்கு பாருங்க!" என்றார் வெர்னன்.

"அதைத்தான் சொல்ல வந்தேன். வெள்ளை வெள்ளையா தூசி. அடுத்த தடவை கேமராவைத் துடைச்சிட்டு எடுங்க."

படம் பகல் பிரிவுக்குப் போய் முதல் பரிசும் வாங்கிவிட்டது. அதே நீல ரிப்பன்தான். வெர்னன் மறுத்துவிடுவார், ரகளை ஆகும் என்று நான் பயந்தேன். அவர் மேடையேறி நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார், ரிப்பனைக் குத்தினார்கள். பரிசு பெற்றவர் படம் எடுத்த விதத்தைச் சொல்வது எங்கள் வழக்கம். மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மத்தியானம் சாப்பிட்ட கையோட எடுத்தேன். நல்ல வெயிலு."

அரங்கம் கைதட்டியது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் தட்டினேன்.

டெலோரஸ் என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"அப்ப ராத்திரி முழுக்க இந்த மனுஷன்கூட குளிர்ல கிடந்தது யாராம்?"