என் கை தட்டியதா, விழுந்ததா

போன வாரம் எங்கள் தீவில், ஹட் பே ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என்னை எடை மெஷினில் ஏறச் சொன்னார். செருப்பைக் கழற்றினேன். சரி, எல்லோரும் செய்வதுதான். அப்புறம் வாட்சைக் கழற்றினேன், துப்பட்டாவை மடித்து நாற்காலியில் வைத்தேன், தலையிலிருந்த கிளிப்பையும் எடுத்தேன், மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு ஏறினேன். முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்க வந்தவள் செய்கிற காரியமா இது? வரிசையில் நின்ற பெங்காலி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்கதானே கூண்டுக்குள்ள சண்ட போட்டவங்க? ஜெயிச்சீங்களா தோத்தீங்களா?" என்றார் நர்ஸம்மா.

"மூணுல ரெண்டு ஜெயிச்சேன்."

மூன்றாவதைப் பற்றி அவர் கேட்கவில்லை, பிழைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

மிக்ஸட் மார்ஷியல் ஆர்ட்ஸ் என்று நோட்டீஸில் போடுவார்கள். கம்பிக் கூண்டுக்குள் குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் புரளலாம், கழுத்தை நெரிக்கலாம். அம்மாவிடம் மட்டும் 'ஒரு மாதிரி கராத்தே' என்று சொல்லி வைத்திருந்தோம். போர்ட் பிளேரில் காலேஜ் படித்தபோது கற்ற ஜூடோவும் குத்துச்சண்டையும்தான் என் கைமுதல். ஊருக்குத் திரும்பியதும் மூடிக் கிடந்த பாமாயில் தோட்டத்து ஷெட்டில் தேங்காய் நாரைப் பரப்பி, மேலே தார்ப்பாய் கட்டி, நானும் அண்ணன் சேகரும் போனில் ஏற்றி வைத்திருந்த வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துப் புரளுவோம். மழைக்காலத்தில் அந்த நார் ஊறி ஒரு வாடை கிளம்பும் பாருங்கள், குளித்தாலும் போகாது. அண்ணன் கப்பல் நிற்கும் ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவன், என்னைவிட இருபது கிலோ கூடுதல். ஆனாலும் நான் கழுத்தைப் பிடித்தால் உடனே என் கையில் தட்டிவிடுவான்.

தட்டுவது என்றால் 'போதும், விடு' என்று அர்த்தம். பயிற்சியில் அதில் ஒரு கேவலமும் இல்லை. போட்டியில் தட்டினால் தோல்வி. தட்டாமல் மயங்கி விழுந்தாலும் தோல்விதான். ஆனால் எனக்கு அவை இரண்டும் ஒன்றில்லை. நான் பயிற்சியில்கூட ஒருநாளும் தட்டியதில்லை. புரண்டு புரண்டு தடித்துப்போன காதும் அந்தத் திமிரும்தான் அப்போது என் சொத்து.

முதல் இரண்டு சண்டைகள் ஐம்பத்தாறு கிலோ பிரிவில். ஜெயித்ததும் போட்டி நடத்தும் கம்பெனிக்காரர்கள், "ஐம்பத்திரண்டுக்கு எறங்கி வாங்க, இதுல ஜெயிச்சா அடுத்தது பட்டத்துக்கு" என்றார்கள். இறங்கலாம், எடை பார்ப்பது எங்கே? ஆஸ்பத்திரி மெஷின் அப்போது ரிப்பேர்; எங்களுக்குத் தெரிந்த ஒரே பெரிய தராசு கொப்பரை வியாபாரியுடையது. வாராவாரம் அதில் ஏறி நின்றேன். ஐம்பத்து நான்கு, ஐம்பத்து மூன்று, ஐம்பத்திரண்டு. சோறும் மீனும் விட்டதற்குப் பலன் என்று பூரித்துப்போனேன். கப்பல் ஏறி, பிளேன் ஏறி, மெயின்லேண்ட் போய் அங்கே மெஷினில் நின்றால் ஐம்பத்து நான்கரை.

அண்ணன் எகிறினான். "அரே பாய்சாப், யே காண்டா கலத் ஹை!" உங்கள் தராசு தப்பு என்று அவர்களிடமே சண்டை. அடுத்த தராசைக் கொண்டுவந்தார்கள். அதிலும் ஐம்பத்து நான்கரை.

தோற்றுத் திரும்பியபின் இதைக் கேட்ட அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அந்தத் தராசுலயா நின்ன? அடிப்பாவி, மூட்டைக்கு ரெண்டு கிலோ முழுங்குறவனாச்சே அவன்!"

எங்களுக்குத் தெரியாதா என்ன? கொப்பரை போடும்போதெல்லாம் நாங்களும்தான் அவனைத் திட்டியிருக்கிறோம். ஆனால் நான் ஏறி நின்றபோது அது சொன்ன பொய் எங்களுக்கு இனித்துவிட்டது.

அங்கே எடையைக் குறைக்க மாலைவரை நேரம் கொடுத்தார்கள். மழைக்குக் கொண்டுபோன ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு ஹோட்டல் மாடிப்படியில் ஏறி இறங்கினேன், சுடுதண்ணீரில் உட்கார்ந்தேன், வாயில் இருந்த எச்சிலைக்கூடத் துப்பினேன். எடை இறங்கியது. கூடவே தெம்பும் இறங்கியது.

மறுநாள் முதல் ரவுண்ட் எனக்குத்தான். இரண்டாவதில் அந்தப் பெண் முதுகுப்பக்கம் ஏறிக் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டாள். விளக்குகள் சின்னதாகிக்கொண்டே போனது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் டாக்டரின் முகம். நடுவில் என்ன நடந்தது என்று தெரியவில்லை.

தட்டினேன் என்று மைக்கில் அறிவித்தார்கள். ஜெயித்தவள் வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "தீதி, ஆப்னே டேப் கியா, மேரே ஹாத் பே லகா" என்றாள். நான் தட்டியது அவள் கையில் பட்டதாம். பொய் சொல்லும் முகமாக இல்லை. ஆனால் அண்ணன் அடித்துச் சொன்னான்: "நீ தட்டல புள்ள. மயங்குனதும் ஒன் கை தானா விழுந்துச்சு. நான் பக்கத்துலதான நின்னேன்!"

யாரை நம்புவது? அண்ணனையே நம்பினேன். ஆனாலும் கம்பெனி மறுபடி கூப்பிட்டபோது 'யோசித்துச் சொல்கிறேன்' என்றவள் சொல்லவே இல்லை. தட்டியது என் மனசா, விழுந்தது என் கையா என்று தெரியாமல் எப்படிக் கூண்டுக்குள் போவது?

சண்டையின் வீடியோ முழுவதும் கம்பெனியின் இணையதளத்தில் இருந்தது. அப்போது எங்கள் தீவில் இன்டர்நெட் என்றால் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். அது நல்ல சாக்கு. பிறகு கடலுக்கடியில் கேபிள் வந்தது, எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடியது. அப்போதும் நான் திறக்கவில்லை. கல்யாணம், அங்கன்வாடி வேலை, குழந்தை என்று சாக்குகள் மாறின. பயம், வேறொன்றுமில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலம் துணிந்து தேடினேன். கம்பெனியும் இல்லை, தளமும் இல்லை. அந்த முகவரியில் யாரோ சீட்டாட்ட விளம்பரம் போட்டிருக்கிறார்கள். மாயாபந்தரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, ஒன்கிட்ட அந்த வீடியோ இருக்கா?"

"அந்தப் போன் கடல்ல விழுந்து எத்தன வருசமாச்சு! இப்ப என்னாத்துக்கு?"

"நான் தட்டுனேனான்னு பாக்கத்தான்."



"புள்ள, நெசத்தச் சொல்லவா? அவ ஒன் கழுத்த இறுக்குனப்ப எனக்குப் பாக்க முடியல. கண்ண மூடிக்கிட்டேன். தொறக்குறப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு."

போனை வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் 'நீ தட்டல புள்ள' என்ற அவன் வார்த்தை ஒன்றுதான் என்னிடம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.