மோரிப் கடற்கரையில் பிரவுனியைத் தொலைத்தேன்

இன்று எனக்கு லீவு. மகள் பள்ளிக்குப் போனதும், அவளிடம் சொல்லாமல் அவளுடைய நாய் பிரவுனியைக் கிள்ளானிலிருந்து மோரிப் கடற்கரைக்கு அழைத்துப் போனேன்.

மணலில் இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் டமாரென்று சத்தம் போட்டது. பிரவுனி மிரண்டு இழுத்த வேகத்தில் கழுத்துவாரின் கொக்கி கழன்றுவிட்டது. ஓடிவிட்டது.

செருப்பை எறிந்துவிட்டுப் பின்னால் ஓடினேன். தண்ணீர் வற்றிய சேற்றில் முழங்கால் வரை புதைந்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், "ரோட்டுப் பக்கம் ஓடுச்சு அக்கா. லோரி போற ரோடு லா, சீக்கிரம் போங்க" என்றார்.

ஒரு மணி நேரம் தேடினேன். கடைசியில் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். மகள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அப்போது கெரோப்போக் என்ற மீன் வறுவல் விற்கும் மலாய்க்கார அம்மா கைதட்டிக் கூப்பிட்டார். கடை மூலையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வேலிபோல் அடுக்கியிருந்தார். உள்ளே நடுங்கிக்கொண்டு பிரவுனி.

"நான் முஸ்லிம், நாயைத் தொட முடியாது. அதான் நாற்காலிய வச்சு அடைச்சேன். பாவம், ரொம்பப் பயந்துபோச்சு" என்றார் மலாயில்.

பிரவுனியைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு அவர் கையைப் பிடிக்கப் போனவள், நாயைத் தொட்ட கை என்று நினைவு வந்து கும்பிட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

மாலையில் மகள் கேட்டாள்: "ம்மா, பிரவுனி காதுல ஏன் மணலு?"

"குளிப்பாட்டணும் போல" என்றேன்.

அவள் ஃபேஸ்புக் பக்கமே வருவதில்லை. தயவுசெய்து யாரும் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.