வேப்பிலைத் தோரணமும் ஒரு தட்டு பஸ்பூஸாவும்

எங்கள் வீட்டில் எல்லோரும் தைரியசாலிகள். அதனால் கவலைப்படுகிற வேலை மொத்தமும் சின்ன வயதிலேயே என் தலையில் விழுந்துவிட்டது. ஒரு போர் முடிந்து அடுத்த போர் வராமல் இருந்த நடுக்காலத்தில் குவைத்தில், அப்பாசியாவில் குடியிருந்தோம். தெருவில் லாரி டயர் வெடித்தால் அம்மா குழம்பைக் கிண்டியபடியே “டயரு” என்பாள். நான் அதற்குள் கட்டிலுக்கு அடியில் போயிருப்பேன்.

இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு பாத்ரூம் கொண்ட வீடு. ஓர் அறையில் அப்பா, அம்மா, நான். இன்னொன்றில் அப்பாவின் தங்கையும் அவள் வீட்டுக்காரரும், அதாவது என் அத்தையும் மாமாவும். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அத்தை அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். கட்டடம் முழுக்கத் தெரிந்த இந்தச் சங்கதி எனக்கு மட்டும் தெரியாது. பிள்ளைகளிடம் சொன்னால் ஊரெல்லாம் பரப்பிவிடும் என்று மறைத்துவிட்டார்கள். பரப்ப ஊரில் யார் மிச்சமிருந்தார்கள் என்று தெரியவில்லை.

அத்தையும் மாமாவும் நாலு நாள் லீவில் ஃபஹாஹீலில் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போயிருந்தபோது எனக்கு உடம்பெல்லாம் கொப்புளம் போட்டது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு பெஞ்சாகப் பரவிக்கொண்டிருந்த அம்மை. அந்தப் படிப்பை நான் பின்னால் எட்டாவதோடு நிறுத்திக்கொண்டேன் என்றாலும், அதில் கிடைத்ததையெல்லாம் ஒழுங்காக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கிளினிக் டாக்டர் என் கொப்புளத்தைப் பார்த்துப் பயப்படவில்லை. அப்பா அத்தையைப் பற்றிச் சொன்னதும்தான் பயந்தார். இதுவரை அம்மையே போடாத பிள்ளைத்தாய்ச்சி இந்தக் குழந்தை இருக்கும் வீட்டுப் படியை மிதிக்கவே கூடாது, தாய்க்கும் வயிற்றில் இருப்பதற்கும் ஆபத்து என்றார். நான் அந்நேரம் எடை மெஷின் மேல் நின்று குதித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சட்டம் மாறியது. தாளிக்கக் கூடாது, மீன் கூடாது, எனக்குத் தனித்தட்டு, தனி டம்ளர். ஒரு வாளியில் டெட்டால் தண்ணீர், இன்னொரு வாளியில் மஞ்சள் தண்ணீர். டாக்டரையும் ஆத்தாளையும் பகைத்துக்கொள்ளாமல் அம்மா குடித்தனம் நடத்தினாள். வாசலில் செருக ஒரு கொத்து வேப்பிலை வேண்டும் என்று அப்பா மாமாவுக்கு போன் செய்தார். ஊரில் அதைப் பார்த்தாலே ஆட்கள் ஒதுங்கிப் போவார்கள்.

மாமாவுக்குக் கொஞ்சம் என்ற அளவே கிடையாது. வஃப்ராவில் பண்ணை வேலை பார்த்த ஊர்க்காரரிடம் போய், பிக்கப் வண்டியில் பாதி நிறையக் கிளை கொண்டுவந்தார். நிலைப்படியின் மூன்று பக்கமும் கட்டி, மிச்சத்தைத் தோரணமாகத் தொங்கவிட்டார். அத்தையையும் கையோடு அழைத்து வந்திருந்தார்.

“ஏன் மாப்ள, ஒரு கொத்து கேட்டா தோப்பையே கொண்டாந்திருக்கீங்க. இவள எதுக்குக் கூட்டியாந்தீங்க?”

“அங்க ஒரே ரூமு மச்சான், ஏற்கெனவே அஞ்சு உசுரு. வேற எங்க விடச் சொல்றீங்க?”

படிக்கட்டருகே பெட்டியோடு நின்ற அத்தை, “ரெண்டு பேரும் பேசி முடிங்க. அதுவரைக்கும் நான் லிஃப்ட்டுலயே குடித்தனம் பண்றேன்” என்றாள்.

இந்தச் சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அங்கே அந்த லீவில்தான் குடிவந்த ஒரு மிஸ்ரியம்மா இருந்தாள், அத்தையை அதுவரை பார்த்ததே இல்லை. எகிப்துக்காரர்களை அங்கே மிஸ்ரி என்றுதான் சொல்வோம். கதவு அகலத்துக்கு ஆள். பிள்ளைகளெல்லாம் வளர்ந்து கெய்ரோவுக்குப் போய்விட, கிழக்கணவரும் அவளும்தான் இருந்தார்கள். அவள் பார்த்தது இதை: வாசல் நிறையப் பச்சைத் தோரணம், பெட்டியும் கையுமாக ஓர் இளம்பெண். புதுப்பெண் வீடு புகுகிறாள் என்று முடிவு செய்துவிட்டாள். நாக்கைச் சுழற்றி, கட்டடமே அதிர ஒரு குலவை போட்டாள்.

உள்ளே அம்மாவுக்குப் புல்லரித்துவிட்டது. அம்மை இறங்கிய வீட்டு வாசலில், கேட்காமலே குலவை! “ஆத்தாளே ஆளனுப்பிட்டா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதற்குள் மிஸ்ரியம்மா ஒரு தட்டு பஸ்பூஸாவோடு வந்துவிட்டாள். ரவையைச் சுட்டுச் சர்க்கரைப் பாகு ஊற்றியது, நம் கேசரிக்குத் தூரத்துச் சொந்தம். “மப்ரூக், மப்ரூக்!” என்று வாழ்த்தினாள்.

“மப்ரூக் மாஃபி! மாஃபி!” வாழ்த்தெல்லாம் இல்லை, இல்லை என்று அம்மா தனக்குத் தெரிந்த அரபியைச் செலவழித்தாள். தீர்ந்துபோனதும் கையால் பேசினாள். முகத்தில் புள்ளி வைத்துக் காட்டி, அத்தையின் வயிற்றைக் காட்டி, தொட்டில் ஆட்டிக் காட்டினாளாம். மிஸ்ரியம்மா எல்லாம் புரிந்து, “மாஃபி முஷ்கிலா! யல்லா!”, பிரச்சினையே இல்லை, வா போகலாம் என்று அத்தையின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அறைக்கதவு இடுக்கில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு தட்டு உள்ளே வந்தது, அத்தை வெளியே போனாள்.

அப்பாசியாவில் பொருளுக்குப் பொருள் மாற்றிக்கொள்வது வழக்கம். எங்கள் கட்டில்கூட, பழைய டிவியைக் கொடுத்து, ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்திடம் வாங்கியது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. அத்தையைக் கொடுத்து பஸ்பூஸா வாங்கிவிட்டார்கள். அதைவிடக் கொடுமை, விஷயம் புரிவதற்குள் நான் ஒரு துண்டைத் தின்றுவிட்டிருந்தேன். தின்ற சாமானை யார் திருப்பி எடுப்பார்கள்?

மறுநாள் அம்மா குளிக்கப் போன நேரத்தில், மீதித் துண்டுகளை நகர்த்தி ஓட்டை தெரியாமல் பரப்பி, தட்டோடு போய் எதிர்வீட்டுக் கதவை உதைத்தேன். மிஸ்ரியம்மா திறந்தாள். அவளுக்குப் பின்னால் அத்தையின் குரல், “யாரு, நம்ம பாப்பாவா?” செருப்புச் சத்தம் கிட்டே வந்தது.

“லா! லா!” கூடாது, கூடாது என்று மிஸ்ரியம்மா ஒரு கையால் தட்டைப் பிடுங்கி, இடுப்பால் கதவை இடித்துச் சாத்தினாள்.

“அத்தே, தட்டக் குடுத்துட்டேன், வா!” என்று கதவில் அறைந்தேன்.

“உள்ள போடி! போ! ஓடு!”

அத்தை அதுவரை என்னை அதட்டியதே இல்லை. நான் ஓடவில்லை. கதவின் கீழ் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அவளுடைய பாதங்கள் கதவுக்கு நேரே நின்றன, பின்னால் போயின, மறுபடி வந்தன. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஈரத் தலையோடு வந்த அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் அவை அங்கேயே நின்றன.

அடுத்த நாள் அதே தட்டு திரும்பி வந்தது. பஸ்பூஸாவின் மேல் பாதாம் பதித்து, ஓரத்தில் பேரீச்சம்பழமும் அடுக்கியிருந்தது. விலையை ஏற்றிவிட்டார்கள் என்று போர்வைக்குள் அழுதேன். காலித் தட்டைத் திருப்பக் கூடாது என்று அம்மா அதில் வாழைப்பழம் வைத்து அனுப்பினாள். அதற்கும் மிஸ்ரியம்மா ஏதோ வைத்து அனுப்பினாள். வியாபாரம் படிந்துவிட்டது போலிருந்தது.

எனக்கு மூன்று தண்ணீர் ஊற்றி, வீட்டைக் கழுவி, போர்வைகளைக் கொதிக்க வைத்து, அதற்குப் பிறகும் நாள் பார்த்து, அத்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்ன பிறகுதான் அவள் வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. நான்தான் விலகி அவளை மேலும் கீழும் சோதித்தேன். இடுப்புக்குக் கீழே புடவை கொஞ்சம் உப்பியிருந்தது. “அந்தம்மா அத்தைக்கு என்னமோ குடுத்துக் குடுத்து வயிறு வீங்கிடிச்சு, டாக்டர்ட்ட காட்டுங்கப்பா” என்றேன்.

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாவும் அம்மாவும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்துவிட்டு, பாதியில் நிறுத்தி, கண்ணைத் துடைத்தபடி என் உள்ளங்கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டாள். அவ்வளவு நாளாக என்னைத் தொடவிடாமல் காத்த இடம் அது. எனக்கு அது தெரியாது. கையின் கீழே வயிறு கதகதவென்று இருந்தது. அத்தைக்கும் காய்ச்சல் வந்துவிட்டது என்று நினைத்துச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன்.