நாற்றத்துக்கு நாலு கடிதம்

அன்று காலையும் குளியலறைச் சாக்கடை ஓட்டையிலிருந்து பொங்கி வந்திருந்தது. மாடியில் இருக்கும் மூன்று குடும்பங்களும் வயிற்றைக் காலி செய்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால், அத்தனையும் கீழ்வீட்டுத் தையல்காரியின் தரையில்தான் வந்து நிற்கும். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் தட்டால் வாளியில் அள்ளினாள்.  இது இருபத்து மூன்றாவது நாள்.

அடுத்த அறையில் நாற்பது பள்ளிச் சீருடைச் சட்டைகள் கிடந்தன. வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். ஆறு வருஷம் நடையாய் நடந்து வாங்கிய முதல் பெரிய வேலை. ஒரு சட்டையை எடுத்து முகர்ந்தாள். அதிலும் ஏறியிருந்தது. சோப்புக்கும் மசியவில்லை, வெயிலுக்கும் மசியவில்லை. இதை எந்தப் பிள்ளை போட்டுக்கொள்ளும்? அடுத்த வருஷம் எவர் இவள் வாசலை மிதிப்பார்?

தையல் மெஷினின் தலையில் காலண்டர் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அன்றைக்கான பத்து ஆங்கில வார்த்தைகள். புருஷனின் கைங்கரியம்.

அவர் பெயிண்ட் கிடங்கில் குமாஸ்தா. பதின்மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கூட்டத்தில் எழுந்து ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசினார். மேலாளர் சிரித்தார். மேலாளர் சிரித்தால் கிடங்கே சிரிக்கும். அன்றிலிருந்து தினம் பத்து வார்த்தை. அதுவும் எவருக்கும் தெரியாத வார்த்தையாகத் தேடித் தேடி. எல்லாருக்கும் தெரிந்ததில் என்ன மதிப்பு என்பார். குளிர்சாதனப் பெட்டி, கண்ணாடி, கக்கூஸ் கதவின் உள்பக்கம் எங்கும் தாள்கள். சாப்பிடும்போது ஒரு வார்த்தையை உதிர்ப்பார்; அது பாராட்டா, குறையா என்று அவர் முகத்தைப் பார்த்து அவள் கண்டுபிடிக்க வேண்டும். தெருவில் அவருக்குப் பெயர் அகராதி. அவர் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டார். சொன்னவர்கள் என்ன அர்த்தத்தில் சொன்னார்கள் என்று அவள் விளக்கப் போகவில்லை.

"என்னங்க, குழாய் ஆபீஸ்ல இருந்து பதில் வந்துச்சா?"

"வரும், வரும். நாலாவது கடிதத்துல மெஃபிடிக்னு ஒண்ணு போட்டிருக்கேன். படிச்சா ஆடிப்போயிடுவாங்க."

"அப்படின்னா?"

"சகிக்க முடியாத துர்வாடை."

"நாறுதுன்னு எழுத வேண்டியதுதானே?"

அவர் முகம் சுளித்தார். "படிச்சவன் எழுதற கடிதத்துல அந்த மாதிரி வார்த்தை வரலாமா? அசிங்கம்."

அவளுக்கு அசிங்கம் முழங்கை வரை இருந்தது. "அசிங்கம் இதுங்க" என்று வாளியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் முன்னதாகவே வேலைக்குக் கிளம்பிவிட்டார். இத்தனை நாளும் அப்படித்தான், குளியல்கூடக் கிடங்கில்தான்.

கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு அவளே குழாய் ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்த குமாஸ்தா அம்மாள் முகவரியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்த வீடா? அந்தக் குழாயை யாரும் தொடக் கூடாதுன்னு உத்தரவும்மா."

"ஏன்?"

"வழக்குல இருக்கே."

"எங்க வீட்டுக் குழாய் மேல யாரு வழக்கு போட்டா?"

கோப்பு வந்தது. முதல் கடிதத்தில் ஒரு வரிகூட ஆபீசில் எவருக்கும் புரியவில்லை. இப்படி எழுதுகிறவன் வக்கீலாகத்தான் இருப்பான், இது நோட்டீஸ் என்று அதிகாரி அதைச் சட்டப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார். சட்டப் பிரிவுக்குப் போனதை அது திரும்பி வரும்வரை எவரும் தொடக் கூடாது. அது அங்கே விதி.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"அவங்களுக்கும் புரியல போல. புரியலன்னு எழுத முடியுமா? பரிசீலனையில இருக்குன்னு எழுதிட்டாங்க. அப்புறம் ரெண்டு, மூணு, நாலுன்னு வந்துக்கிட்டே இருந்துச்சா, பயந்தே போயிட்டாங்க. ஆமா, விஷயம் என்னதாம்மா?"

"மாடிக்காரங்க பீ எங்க வீட்டுக் குளியலறைக்குள்ள வருது."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தாள். "அடச் சீ! இதை முதல்லயே சொல்லியிருந்தா அன்னிக்கே ஆள் வந்திருக்குமே. இப்போ கடிதம் எழுதினவரே வழக்கு இல்ல, அடைப்புதான்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். புரியற மாதிரி எழுதச் சொல்லும்மா, புண்ணியமாப் போகும்."

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும் முன்பே வெள்ளைத்தாளை நீட்டி எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது.

"சட்டப் பிரிவுக்கே புரியலையா? அவங்களே திணறிட்டாங்களா?"

காலையில் வாளியைத் தூக்கியபோதுகூட அடக்கிக்கொண்டவளுக்கு, அந்தப் பூரிப்பைப் பார்த்ததும் நிஜமாகவே குமட்டியது. ஒரு சட்டையை எடுத்து அவர் மூக்கருகில் பிடித்தாள்.

"மோந்து பாருங்க."

தலையைத் திருப்பினார். சட்டையும் கூடவே திரும்பியது.

"எழுதுங்க. எங்கள் வீட்டுக்குள் மலம் வருகிறது."

"அதுக்கு ஆங்கிலத்துல ஒரு..."

"தமிழ்ல. நான் சொல்றதை மட்டும்."

'மலம்' என்ற இடத்தில் பேனா நின்றது. பதின்மூன்று வருஷத்துச் சிரிப்பு அவர் காதில் கேட்டிருக்கும். அது அவளுக்குத் தெரியும், பாவமாகவும் இருந்தது. ஆனாலும் தாளின் மேல் வைத்த விரலை எடுக்கவில்லை. எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் இரண்டு பேர் நீளக் கம்பியோடு வந்தார்கள். அரை மணி நேரத்தில் குழாய் கடகடவென்று விழுங்கிக்கொண்டது. வாசலில் தள்ளி நின்றிருந்த அவர், கைகழுவ வந்த தொழிலாளியிடம் வாய் நிறைய ஏதோ ஓர் ஆங்கில வார்த்தையைச் சொன்னார்.

"திட்டறாராக்கா?"

"இல்லப்பா, நன்றி சொல்றார். அந்தச் சின்ன வார்த்தை அவருக்குத் தெரியாது."

மூன்று நாள் வெந்நீரில் முக்கி முக்கி எடுத்ததில் முப்பத்தொரு சட்டைகள் தேறின. மீதி ஒன்பதையும் பள்ளிக்கூடத்துக்காரர் முகர்ந்து பார்த்து, விரல் நுனியால் தள்ளி வைத்தார். "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்றார். அதற்கு அர்த்தம் தேட வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தாள். மெஷின் தலையில் புதுத்தாள் ஒட்டியிருந்தது. பத்து வார்த்தைகள், அழகான கையெழுத்து. அதைக் கிழித்தெடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். மூலையில் காய்ந்து அப்பியிருந்த மிச்சத்தை அதாலேயே வழித்துச் சுருட்டி, குப்பையில் போட்டாள்.