அப்பாவின் நன்றியுரைக்கு ஒரு பீட்

மாண்ட்ரியலில் என் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார், கடிதம் எழுதுவார். "உங்கள் இசை அருமை. அது என் சமையலறை வரைக்கும் வர வேண்டுமா?" மாதா திருவிழா ஸ்பீக்கருக்கும் அம்மன் கோயில் ஸ்பீக்கருக்கும் நடுவே உட்கார்ந்து அல்ஜீப்ரா படித்த மயிலாப்பூர்க்காரனுக்கு இந்த நாகரிகம் பதினோரு வருடமாகியும் பழகவில்லை. ஞாயிறு மதியங்களில் இங்கே ஒரு கஃபேயில் ஹிப்-ஹாப் டிஜேவாக இருக்கிறேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான அப்பா, மகன் ஒலிபெருக்கித் துறையில் இருப்பதாகத் தேவாலயப் பங்கு மக்களிடம் சொல்லிவைத்திருக்கிறார்.

தங்கை ஸ்டெல்லாவின் கல்யாண விருந்து சாந்தோமில், மதியம். மெல்லிசைக் குழு வேண்டும் என்ற அப்பாவிடம் சண்டைபோட்டு என்னை வரவழைத்தாள். மூன்று வாரம் பாட்டுப் பொறுக்கினேன். வேகம் பார்த்து அடுக்கி, ஒரு பாட்டின் டிரம்ஸுக்குள் அடுத்ததை நுழைத்து, பாட்டுக்கு ஒரு நிமிடம், ஒட்டிய தையலே வெளியே தெரியாது. மாண்ட்ரியலில் இதற்கு விசில் பறக்கும். இங்கே மூன்றாவது பாட்டில், ஆட எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். ஐந்தாவதில் பந்திக்குப் போய்விட்டார்கள். ஸ்டெல்லா மேடையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சவுண்டு செட் போட வந்திருந்த சிந்தாதிரிப்பேட்டை முருகன் அண்ணன் என் காதருகே குனிந்தார்.

"நைனா, பாட்டெல்லாம் சோக்காத்தான் கீது. ஆனா ஒண்ணையும் முடிக்க வுடமாட்ற. ஜனம் கால எடுத்து வெக்கறதுக்குள்ள நீ அடுத்த ஊருக்குப் போய்க்கினே கீற."

அவர் பாட்டைத்தான் சொன்னார். எனக்குத்தான் வேறெங்கோ பட்டது.

அந்நேரம் பார்த்து அப்பா நன்றியுரைக்கு மைக்கை வாங்கினார். நான் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்க வேண்டும். பாடகர் குரலை மட்டும் நிறுத்தினேன்; டிரம்ஸ் ஓடியது. கைத்தவறா கொழுப்பா, இன்றுவரை தெரியாது. "அன்பார்ந்த உறவினர்களே" என்று அப்பா இழுத்தது தாளத்தில் கச்சிதமாக விழுந்தது. முப்பது வருடம் வகுப்பில் செய்யுள் சொல்லிக்கொடுத்த வாய். அடுத்து மாப்பிள்ளை வீட்டாருக்கு நன்றி, அதற்கடுத்து அருட்தந்தைக்கு. பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். ஸ்டெல்லா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆட ஆரம்பித்தாள். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். ஒலியைக் குறைக்கும் ஃபேடரை இறக்கப் போனேன்.

"நிறுத்தாத," என்றார் மைக்கிலேயே. "நான் இன்னும் முடிக்கல."

பந்தியிலிருந்து எச்சில் கையோடு ஓடிவந்தார்கள். பிரியாணி எல்லோருக்கும் இருக்கிறது, அவசரம் வேண்டாம் என்று அப்பா சொன்னதற்கே பெரிய ஆரவாரம். அந்த டிரம்ஸைக் கடைசிவரை நான் மாற்றவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்த அப்பா, "அடுத்த தடவ மெதுவா வை, மூச்சு வாங்குது" என்றார். என் தொழிலைப் பற்றி அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

முருகன் அண்ணன் பதிவுசெய்து கொடுத்ததைப் போன ஞாயிறு கஃபேயில் போட்டேன். இவர் எந்த அரசாங்கத்தை எதிர்த்துப் பாடுகிறார் என்று கேட்டாள் முதலாளி ஜூலி. பிரியாணி எல்லோருக்கும் உண்டு என்கிறார் என்றேன், என் ஓட்டைப் பிரெஞ்சில். அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். பக்கத்து மேசைக்கு அதை அவள் எப்படிச் சொன்னாளோ, அவர்கள் முஷ்டியை உயர்த்தி ஆடினார்கள். என் கைகள் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தன. கால்கள் மட்டும், அப்பா பேசி முடிக்கும்வரை, வகுப்பில் நிற்பதுபோல ஒட்டி நேராக நின்றன.